பதினாறைப் பத்தொன்பதாக்கிய வழக்கு

போன வாரம் இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். "மேடம், ஒரு சின்னப் பையன், வண்டியில சரக்குப் பாட்டில் கொண்டு போனப்பப் பிடிச்சிட்டாங்க. சித்தப்பாதான் வாங்கிட்டு வரச் சொன்னாராம். ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டி முடிச்சிரலாமா? பார்ட்டி அதைத்தான் கேக்குறாங்க" என்றார்.

"பார்ட்டின்னா யாரு?" என்று கேட்டேன்.

"சித்தப்பாதான் மேடம்."

போனை வைத்துவிட்டேன். மரியாதை இல்லாத செயல்தான். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் வாயில் வந்ததெல்லாம் வந்திருக்கும். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிப் பல வருடம் ஆகிவிட்ட பிறகும் ஒரே ஒரு வழக்கு என்னைச் சும்மா விடமாட்டேன் என்கிறது. படித்துவிட்டு நீங்கள் என்னை மதிக்காமல் போனாலும் பரவாயில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் வக்கீலாகப் பதிவு செய்து நாலாவது வருடம். மதுரை கோர்ட்டில் அன்றைக்குப் பெண் வக்கீல்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கொலை வழக்கு, சொத்து வழக்கெல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விடும். எங்கள் சீனியர் என் மேசைக்குத் தள்ளிவிடுவது சின்னக் கேஸ்கள்தான். அதில் பாதி மதுவிலக்குக் கேஸ். அப்போது மாநிலம் முழுக்க மதுவிலக்கு. டாக்டர் சீட்டைக் காட்டி பெர்மிட் வாங்கியவர்களைத் தவிர வேறு யார் கையில் பாட்டில் இருந்தாலும் வழக்குத்தான்.

இந்தக் கேஸ்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஐம்பது அறுபது பேர் கோர்ட் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பேர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகக் கூண்டுக்குள் போவார்கள். "குற்றத்தை ஒத்துக்கிறயா?" "ஒத்துக்கிறேன் சாமி." ஃபைன். அடுத்த ஆள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வராந்தா காலியாகிவிடும். போலீசுக்குத் தண்டனைக் கணக்கு ஏறும், கோர்ட்டுக்கு வழக்கு முடியும், வக்கீலுக்கு ஃபீஸ் வரும், மாட்டியவன் வேலைக்குப் போவான். எல்லாருக்கும் வசதி. வசதி என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு சனிக்கிழமை காலை செல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். விசைத்தறிப் பட்டறை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டறையில் ஒரு நூல்தூசிகூட மேலே ஒட்டாத ஆள். கூடவே ஒரு பையன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பையன் கதவோரம் நின்றான்.

"வணக்கம் வக்கீலம்மா. இவன் எங்கக்கா மகன், சொக்கலிங்கம். தகப்பன் இல்லாத பிள்ள, நாந்தேன் பாத்துக்கிறேன். பயபுள்ள என்னைக் கேக்காம வேன எடுத்துட்டுப் போயி கப்பலூர் ரோட்டுல மாட்டிக்கிட்டான். ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிட்டுப் போயிருவோம். அம்புட்டுத்தேன்."

"வேன்ல என்ன இருந்துச்சு?"

"பிராந்தி. ரெண்டு அட்டப்பெட்டி. எவனோ இவன்கிட்ட ஏத்தி விட்ருக்கான்."

"யாரு அந்த எவனோ?"

"அத விடுங்கம்மா. போலீஸ்காரனே அத விட்டுட்டான்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனாலும் சிரித்தேன் என்பதுதான் உண்மை.

வக்காலத்துத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னேன். மாமா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் பையன் குனிந்து, முதலெழுத்தோடு முழுப் பெயரையும் குண்டு குண்டாக எழுதினான். அதற்குக் கீழே 'வகுப்பு' என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி அடித்தான். "பரீட்சப் பேப்பர்னு நெனச்சுட்டான் போல" என்றார் மாமா. எங்கள் குமாஸ்தாவும் சேர்ந்து சிரித்தார். பையன் மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கையெழுத்துக்குக் கீழே வகுப்பு எழுதுகிறவன் யார்? நேற்றுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவன். குற்றப்பத்திரிகையில் அவன் வயது பத்தொன்பது என்று இருந்தது. மேலுதட்டில் ஒரு முடிகூட இல்லாத முகம் என் எதிரில் நின்றது. தாளில் ஒரு வயது, ஆளிடம் ஒரு வயது. இரண்டும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன. என்ன வயசு தம்பி என்று கேட்க எனக்கு ஒரு மூச்சு போதும். கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கு என் கையில் இன்னும் ஆறு கேஸ் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. பெஞ்ச் கிளார்க் பெயரைக் கூப்பிட்டார். சொக்கலிங்கம் கூண்டில் ஏறினான். அந்தக் கூண்டு ஆட்கள் கைவைத்து நிற்கிற உயரத்தில் கட்டியது. அவனுக்கு அந்தக் கம்பி நெஞ்சுக்கு வந்தது. "குற்றத்தை ஒத்துக்கிறயா?" என்று கேட்டதும் அவன் திரும்பி வாசல் பக்கம் பார்த்தான். அங்கே மாமா நின்றிருந்தார். நான் மெதுவாக, "ஒத்துக்கிறேன்னு சொல்லுப்பா" என்றேன். சொன்னான்.

மாஜிஸ்ட்ரேட் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். "ஒனக்கு எத்தனை வயசு?"

பின்னால் ஐம்பது பேர் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் நிற்கிறார்கள். ஏட்டையா என்னைப் பார்க்கிறார். பையன் வாயைத் திறந்தான், மூடினான். கட்சிக்காரர் முன்னால் என் கேஸ் இழுத்துக்கொண்டு போய்விடுமோ, சின்னக் கேஸைக்கூட இந்தப் பொம்பளையால் முடிக்க முடியவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். "பத்தொன்பதுங்க ஐயா, சார்ஜ் ஷீட்ல இருக்கு" என்றேன்.

கேள்வி கேட்டது அவனிடம். பதில் சொன்னது நான். மாஜிஸ்ட்ரேட் இன்னொரு தடவை அவனைப் பார்த்துவிட்டு எழுதினார். ஃபைன் கட்டி முடிந்தது.

அடுத்த வாரமே வேனை மீட்க மனுப் போட்டேன். மதுவிலக்குக் கேஸில் பிடித்த வண்டியை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளருக்குத் தெரியாமல் நடந்தது என்றால்தான் திருப்பிக் கிடைக்கும். பையன்தான் ஒத்துக்கொண்டுவிட்டானே! உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது என்று நானே நல்ல இங்கிலீஷில் எழுதினேன். வேன் வந்தது. மாமா ஒரு டப்பா அல்வாவோடு வந்து நன்றி சொன்னார். நானும் வாங்கித் தின்றேன்.

இரண்டரை வருடம் போயிருக்கும். ஒரு நாள் காலை அலுவலகத்தைத் திறக்கும்போதே படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "சொக்குவோட அம்மாம்மா நானு. செல்லூரு" என்றார். எனக்கு ஞாபகம் வரவில்லை. மடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, ரயில்வே தொழில் பழகுநர் வேலைக்குச் சொக்கலிங்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்ததையும், போலீஸ் விசாரணையில் பழைய தண்டனை தெரியவந்ததால் ரத்து செய்வதையும் சொல்லும் கடிதம். இன்னொன்று அவனுடைய பள்ளிச் சான்றிதழ். பிறந்த தேதியைப் பார்த்தேன். கணக்குப் போட்டேன். அன்றைக்குக் கூண்டில் நின்றபோது அவனுக்குப் பதினாறு முடிந்து மூன்று மாதம்.

"இத ஏம்மா அன்னைக்கே கொண்டுவரல?" என்று கேட்டேன். கேட்டதும் அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

"என்னைய யாரு கூப்டா? கோர்ட்டுக்குப் போறதே எனக்குத் தெரியாது. எங்க தம்பி மகளுக்குக் காதுகுத்து. வர்றவுகளுக்கு ஊத்தணும்ல? பாட்டிலு கேரளாவுலருந்து லாரியில வந்து கப்பலூர்ல எறங்கிருக்கு. தம்பி புல்லட்டுல முன்னால போயிருக்கான், இவன வேன்ல பின்னால வரச் சொல்லி. பொடிப்பயல எவனும் நிப்பாட்ட மாட்டான், நிப்பாட்டுனாலும் ரெண்டு தட்டு தட்டி விட்ருவான்னு சொல்லித்தேன் அனுப்பிச்சது. போலீஸு வேன மறிச்சத பாத்துட்டு புல்லட்டு நிக்கலம்மா. அவன் பாட்டுக்குப் போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? ஸ்டேசனுக்கு வந்து, பத்தொம்பதுன்னு சொல்லு, பதினாறுன்னு சொன்னா சீர்திருத்தப் பள்ளியில போட்டு வருசக்கணக்கா வெளிய விடமாட்டாகன்னு புள்ளைய மெரட்டிருக்கான். காதுகுத்து அன்னைக்கு நான் பந்தியில எல போட்டுக்கிட்டு இருந்தேன். எம்புள்ள எங்கன்னு கேட்டேன். நூலெடுக்கத் திருப்பூரு போயிருக்கான்னு சொன்னான். எம்புள்ள உள்ள இருக்கான், நான் எல போட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தத் தம்பியின் பட்டறையில்தான் அவர் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் குச்சி. குடியிருந்ததும் பட்டறைக்குப் பின்னால் தம்பி கொடுத்த அறையில். தம்பியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். அப்படியிருந்தும் அன்றைக்கு அரைநாள் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. முதலில் அந்த மாமா மேல். குடிக்கப் போகிறவர்கள் நாற்பது வயது, ஐம்பது வயது ஆட்கள். வாங்கியது அவர், வண்டி அவருடையது, விருந்து அவருடையது. சட்டத்துக்கு முன்னால் நிற்க மட்டும் ஒரு பள்ளிக்கூடப் பையன்! அவன் குடிக்கவில்லையே, விற்கவில்லையே என்றெல்லாம் கேட்டுப் பயனில்லை. பாட்டில் யார் வாய்க்குப் போகப்போகிறது என்று சட்டம் கேட்காது, யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கும். ஸ்டியரிங் பிடித்தவன் கையில் இருந்தது. லைசென்சும் இல்லை, அதற்குரிய வயதும் இல்லை, அது தனிக் குற்றம். பொடிப்பயலை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்கிற பேச்சைப் போல அயோக்கியத்தனமான பேச்சு வேறு கிடையாது. அதை நம்பிச் சாவியைக் கொடுக்கிற ஒவ்வொரு பெரிய மனிதனும் தன் தலைக்கு வரவேண்டியதைப் பிள்ளை தலையில் இறக்கி வைக்கிறான்.

பதினாறு என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிறுவர் சட்டப்படி தனியாக விசாரித்திருப்பார்கள். பெரியவர்களோடு லாக்கப்பில் அடைத்திருக்கக் கூடாது. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் கேள்வியே, இவன் கையில் வண்டியைக் கொடுத்தது யார் என்பதாக இருந்திருக்கும். அந்த ஒரு கேள்வி வரக்கூடாது என்பதற்காகத்தான் பத்தொன்பது. மாமாவுக்கு வேன் வேண்டும். எழுதிய ஏட்டையாவுக்கு வேலை மிச்சம். எனக்கு மத்தியானத்துக்குள் கேஸ் முடிய வேண்டும். மூன்று பெரியவர்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு மூன்று வயதைக் கூட்டி எழுதினோம். என் மேல் எனக்கு வந்த கோபம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு மனுப் போடலாம் என்று சீனியரிடம் போனேன். அவர் தாள்களைப் படித்தார். "போடலாம். போலீஸ் வயசைத் தப்பா எழுதிட்டான்னு போடு. ஒன்னையப் பத்தி ஒரு வரியும் வேணாம்."

"மாஜிஸ்ட்ரேட் வயசு கேட்டாரு சார். பத்தொன்பதுன்னு நான்தான் சொன்னேன். அதை மறைச்சுட்டு என்னத்தை எழுதுறது?"

"ஏம்மா, பைத்தியமா ஒனக்கு? ஒரு வக்கீல் தன் மேலேயே எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் ஒன்கிட்டக் கேஸ் குடுப்பான்? இருக்கிற நாலு பேரும் போயிருவாங்க."

"போகட்டும் சார்."

சீனியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் பிரமாணப் பத்திரத்தை எழுதினேன். பையனிடம் வயது கேட்கவில்லை, சான்றிதழ் வாங்கிப் பார்க்கவில்லை, கோர்ட் கேட்ட கேள்விக்கு அவனைப் பதில் சொல்ல விடாமல் நானே தவறான பதிலைச் சொன்னேன் என்று வரிவரியாக எழுதினேன். வக்கீல் சங்கத்தில் சில பேர் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானே சாட்சி மாதிரி ஆகிவிட்டதால் அந்த வழக்கை நான் நடத்தவும் முடியாது. யாரைக் கேட்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது சீனியர் என் மேசைக்கு வந்தார். "கட்டைக் குடு. நீ கெட்டதும் இல்லாம இன்னொருத்தனையும் கெடுக்க வேணாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஃபைலை எடுத்துப் போனார்.

மாமாவும் வந்தார், இந்தத் தடவை அல்வா இல்லாமல். "என்னம்மா, நான் குடுத்த ஃபீஸ வாங்கிக்கிட்டு எனக்கே வேட்டு வைக்கிறீங்களாக்கும்?" என்று சத்தம் போட்டார். "எங்கக்காளையும் மகனையும் நாந்தேன்ம்மா சோறு போட்டு வச்சிருக்கேன்."

"சோறு போட்டா ஜெயிலுக்கும் அனுப்பலாமா? வெளிய போங்கய்யா!" என்றேன். என் தொழிலில் ஒரு மனிதரை வெளியே போ என்று கத்தியது அந்த ஒரு தடவைதான். அவர் மேல் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு தாண்டிவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவருக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை உங்களிடம் மறைத்து, கெட்டவன் தண்டிக்கப்பட்டான் என்று கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மனு நிலுவையில் கிடந்தது, வாய்தா மேல் வாய்தா. கடைசியில் செஷன்ஸ் ஜட்ஜ் தண்டனையை ரத்து செய்தார். என்னைப் பற்றி உத்தரவில் இரண்டு வரி இருந்தது. கடுமையான வரிகள், நியாயமான வரிகள். ஆனால் அதற்குள் ரயில்வேயின் அந்தப் பட்டியல் முடிந்துபோய்விட்டது. கடிதம் எழுதினோம், நேரில் போய் நின்றோம். அந்த இடங்கள் நிரம்பிவிட்டன, இனி அடுத்த தேர்வுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு நானே செல்லூருக்குப் போனேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பேசினால் காதில் விழாது. பட்டறை வாசலில் அதே வேன் நின்றது. சொக்கலிங்கம் துண்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். மீசை வந்திருந்தது. இப்போது அவனிடம் லைசென்ஸ் இருந்தது. மாமாவின் வேனுக்கு அவன்தான் டிரைவர். உத்தரவு வந்த அன்றைக்கு அவனுக்கு நிஜமாகவே பத்தொன்பது வயது.

தாளை வாங்கி நிதானமாகப் படித்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "ரொம்ப அலஞ்சிருக்கீங்கம்மா" என்றான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு ஜட்ஜு ஒன்னயத்தானேப்பா கேட்டாரு. சரி, அங்க சொல்லப் பயமாயிருந்துச்சு. அதுக்கு முன்னாடி சனிக்கிழம ஆபீஸ்ல, என் காதுலயாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல, எனக்குப் பதினாறுதான்னு? நான் ஒன் வக்கீல் இல்லையா?"

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு, கோபமே இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னான்.

"எனக்கு வக்கீலா? நீங்க மாமாவோட வக்கீலம்மான்னுல்ல நெனச்சேன்."

உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டார். "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு அவன் வேனை எடுத்துக்கொண்டு போனான்.

போன் செய்த தம்பி, உங்கள் கேஸ் திங்கட்கிழமை என்று சொன்ன ஞாபகம். சித்தப்பாவை வெளியே உட்கார வையுங்கள். கதவோரம் நிற்கிற அந்தப் பையனை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, நீங்கள் யாருடைய வக்கீல் என்று அவனிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வயதைக் கேளுங்கள்.